டயப்பர் புண்: எங்கள் கிளினிக்கில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மும்பை சயானில் ஒரு குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் 19 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். தாராவி, கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் என்று சுற்று வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இங்கே வருவார்கள். டாக்டருக்குத் தமிழ் வராது. அதனால் அவரிடம் பாதி, வெளியே வந்து என்னிடம் மீதி என்றுதான் சந்தேகங்களைக் கேட்பார்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டால் தினமும் இரண்டு மூன்று குழந்தைகளாவது டயப்பர் புண்ணோடு வரும். கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றே. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"சிஸ்டர், டயப்பர் போட்ட இடமெல்லாம் வெந்து போன மாதிரி இருக்கு. இது என்னது?"

ஈரத்தில் ஊறிய தோல் பலவீனமாகிவிடும். நாம் ஒரு மணி நேரம் துணி துவைத்தால் விரல் நுனி சுருங்கி மெத்தென்று ஆகிறதல்லவா, அதுபோலத்தான். அப்படி ஊறிய தோலில் டயப்பர் உரசுகிறது. மலமும் மூத்திரமும் ஒன்றாகச் சேர்ந்தால் இன்னும் மோசம். மலத்தில் இருக்கும் கிருமிகள் மூத்திரத்தை உடைத்து அம்மோனியா ஆக்கும். அது தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் கெடுக்கும். உணவைச் செரிக்க வைக்கும் நொதிகளில் கொஞ்சம் மலத்தோடு வெளியே வந்திருக்கும். அமிலத்தன்மை குறைந்ததும் அவை வீரியமாகி, தோலையே அரிக்க ஆரம்பிக்கும்.

அதனால்தான் டயப்பர் நேராகப் படும் இடங்களில், அதாவது பிட்டம், அடிவயிறு, தொடையின் மேடு இங்கெல்லாம் முதலில் வரும். தொடை இடுக்கு பெரும்பாலும் தப்பித்துவிடும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். இன்னொன்று, மாநிறமோ கறுப்போ ஆன குழந்தைக்குச் சிவப்பு பளிச்சென்று தெரியாது. அந்த இடம் கூடுதலாகக் கறுத்தோ ஊதா கலந்தோ தெரியும், தொட்டால் சூடாக இருக்கும், துடைக்கும்போது குழந்தை வீரிட்டு அழும்.

"நான் சரியாப் பார்த்துக்கலைன்னு மாமியார் சொல்றாங்க. என் தப்பா?"

இல்லவே இல்லை. டயப்பரோ துணியோ கட்டும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒரு தடவையாவது இது வரும். 9 முதல் 12 மாதத்துக்குள் அதிகம் வரும். திட உணவு ஆரம்பித்து மலத்தின் தன்மை மாறுகிறது, குழந்தை உட்கார்ந்தபடி நகர்கிறது, இரவில் நீண்ட நேரம் தூங்குகிறது. மூன்றும் ஒரே சமயத்தில் சேரும் வயசு அது. நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டிலும் வரும்.

"உடம்புச் சூடுதானே காரணம்? மே மாசம் மாம்பழம் சாப்பிட்டேன், பால் வழியா இறங்கியிருக்குமா?"

மாம்பழம் காரணமில்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள். தாயின் சாப்பாட்டைக் குறைத்துப் புண் ஆறியதை நான் பார்த்ததில்லை. பத்தியம் என்ற பெயரில் வாடிப்போன தாய்மார்களைத்தான் பார்த்திருக்கிறேன். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தோலை அரிப்பதும் குறைவுதான். வெயில் காலத்தில் புண் கூடுவது உண்மை. ஆனால் அது வியர்வையால் வரும் ஈரம்.

"டயப்பரை எத்தனை மணிக்கு ஒரு தடவை மாத்தணும்? பாக்கெட்ல 12 மணி நேரம்னு போட்டிருக்கே?"

அந்த 12 மணி நேரம் என்பது மூத்திரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் திறனைப் பற்றிய விளம்பரம். குழந்தையின் தோல் அத்தனை நேரம் தாங்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பகலில் 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மலம் கழித்தால் மணியே பார்க்காதீர்கள், உடனே மாற்ற வேண்டும். பிறந்த குழந்தைக்கு இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

இரவில் மூத்திரம் மட்டும் என்றால், புண் இல்லாத குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டாம். படுக்கும் முன் கிரீமைத் தடிமனாகப் பூசி, புது டயப்பர் போட்டால் போதும். புண் இருக்கும் நாட்களில் மட்டும் நடுராத்திரி ஒரு தடவை மாற்றுங்கள். டயப்பர் விலை கட்டுப்படியாகவில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது, பகலில் துணி, இரவிலும் வெளியே போகும்போதும் டயப்பர். அரைகுறையாக நிறைந்ததைக் காசு பார்த்து இன்னும் கொஞ்ச நேரம் என்று விடுவதை மட்டும் செய்யாதீர்கள்.

"டயப்பரே வேண்டாம், துணிதான் நல்லதுன்னு ஊர்ல இருந்து அம்மா போன்ல சொல்றாங்க. நிஜமா?"

அம்மா சொல்வதில் பாதி சரி. துணி நனைந்ததும் தெரியும், உடனே மாற்றிவிடுவோம். அப்படி மாற்றினால் துணி அருமையானது. திருநெல்வேலி வீட்டு முற்றத்தில் வெயில் இருந்தது, குழந்தையைப் பார்க்க நாலு பேர் இருந்தார்கள். இங்கே ஒற்றை அறையில், கணவர் லோக்கல் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போன பிறகு நீங்கள் தனியாகச் சமைத்துக்கொண்டிருக்கும்போது, நனைந்த துணி முக்கால் மணி நேரம் அப்படியே கிடக்கும். டயப்பருக்குள் இருக்கும் ஜெல் ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். ஒரே அளவு நேரம் கிடந்தால், டயப்பரை விட நனைந்த துணிதான் தோலை அதிகம் ஊற வைக்கும்.

துணிக்கு மேலே ரப்பர் ஜட்டி போடுவது தான் எனக்குப் பயம். மெத்தை நனையாமல் இருக்கும், குழந்தையோ ஆவியில் வேகிற இட்லி மாதிரி உள்ளே கிடக்கும். வீட்டில் இருக்கும்போது அது வேண்டவே வேண்டாம்.

"மழையில லங்கோட் (குழந்தைக்குக் கட்டும் இடுப்புத் துணி) காயவே மாட்டேங்குது. லேசா ஈரம் இருந்தா பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மும்பைக் காற்றே ஈரமாக இருக்கும். வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்ட துணி இரண்டு நாள் ஆனாலும் தொட்டால் சில்லென்று இருக்கும். அந்த நாற்றத்தை மும்பைக்காரர்கள் எல்லோரும் அறிவோம். அப்படிப்பட்ட துணியைக் கட்டினால், குழந்தை மூத்திரம் போவதற்கு முன்பே தோல் ஊற ஆரம்பித்துவிடும். ஈரமும் இதமான சூடும் பூஞ்சைக்கும் பிடித்தமானவை.

நான் என் இரண்டு பிள்ளைகளையும் மழைக்காலத்தில்தான் வளர்த்தேன். அப்போது செய்ததைச் சொல்கிறேன். பழைய பருத்தி வேட்டியை மெல்லிய சதுரங்களாகக் கிழித்துக்கொள்ளுங்கள். தடித்த, பல மடிப்புத் தைத்த லங்கோட் அடைமழை நாட்களில் காயாது. பிழிந்த துணியை உலர்ந்த டவலுக்குள் சுருட்டி இன்னொரு தடவை முறுக்குங்கள். மின்விசிறிக்குக் கீழே, ஒன்றின் மேல் ஒன்று படாமல் விரித்துப் போடுங்கள். கட்டுவதற்கு முன் இருபுறமும் இஸ்திரி போட்டு, சூடு ஆறிய பிறகு கட்டுங்கள். இஸ்திரி மிச்ச ஈரத்தையும் போக்கும், கிருமியையும் குறைக்கும். விடாமல் மழை கொட்டும் வாரத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், அந்த வாரம் டயப்பருக்கு மாறிவிடுங்கள். அதில் குற்ற உணர்வு எதற்கு?

துவைக்கும்போது சோப்பு முழுதாகப் போகும் வரை அலசுவது முக்கியம். தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது என்பதால் ஒரே அலசலில் முடித்துவிடுகிறோம். துணியில் தங்கும் சோப்பு, குழந்தையின் மூத்திரம் பட்டதும் மறுபடி கரைந்து எரிச்சல் தரும். மிச்சம் பிடித்த தண்ணீரில் முதலில் லங்கோட்டை அலசுங்கள், பெரியவர்கள் துணி காத்திருக்கட்டும். துணி மென்மையாவதற்கு ஊற்றும் வாசனைத் திரவம் வேண்டாம். அது துணியின் உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

"தண்ணியில கொஞ்சம் டெட்டால் விட்டுக் கழுவலாமா? வைப்ஸ் நல்லதா?"

டெட்டால் வேண்டாம். புண்ணான தோலில் அது இன்னும் எரியும். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரும் பஞ்சும் போதும். மலம் ஒட்டியிருந்தால் கொஞ்சம் எண்ணெய் தொட்ட பஞ்சால் எடுங்கள், வலிக்காமல் வரும். பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். கழுவிய பிறகு தேய்க்காமல், மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

வைப்ஸ் வாசனையோ ஆல்கஹாலோ இல்லாததாக இருந்தால் வெளியே போகும்போது வசதிதான். மெத்தில்ஐசோதயசோலினோன் என்று பாக்கெட்டில் இருந்தால் வாங்காதீர்கள். கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது, சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை தரும்.

"கிரீம் எது, எவ்வளவு பூசணும்?"

ஜிங்க் ஆக்சைடு உள்ள டயப்பர் கிரீம் ஏதாவது ஒன்று, அல்லது வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. இவை மருந்தாக உள்ளே இறங்குவதை விட, தோலுக்கும் ஈரத்துக்கும் நடுவே சுவராக நிற்பதுதான் முக்கியம். புண் இல்லாத நாளில் ஜெல்லி போதும். தோல் சிவந்துவிட்டால் ஜிங்க் ஆக்சைடு நல்லது. 40% வரை உள்ளவை கிடைக்கின்றன.

அளவில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். முகத்துக்குப் போடும் கிரீம் மாதிரி தேய்த்து மறைய வைத்துவிடுகிறார்கள். இரானி ஹோட்டலில் பன் மஸ்காவுக்கு வெண்ணெய் பூசுவார்களே, அந்தக் கனத்துக்கு இருக்க வேண்டும். தோலே தெரியக் கூடாது. அடுத்த தடவை டயப்பர் மாற்றும்போது மேலே அழுக்கான பகுதியை மட்டும் துடைத்து எடுத்துவிட்டு, அதன் மேலேயே பூசுங்கள். ஒவ்வொரு முறையும் சுரண்டிக் கழுவினால் புதிதாக வளரும் தோலும் சேர்ந்து போய்விடும்.

இதோடு காற்றாட விடுவதும் வேண்டும். ரப்பர் ஷீட் மேல் ஒரு பருத்தித் துணி விரித்து, குழந்தையை டயப்பர் இல்லாமல் 10, 15 நிமிடம் கிடத்துங்கள். ஒரு நாளில் நாலைந்து தடவை முடிந்தால் நல்லது.

"தேங்காய் எண்ணெய், மஞ்சள், வசம்பு, பவுடர்... பாட்டி ஒவ்வொண்ணா சொல்றாங்க."

லேசான சிவப்புக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதுதான், தோல் வெடித்திருந்தால் அது மட்டும் போதாது. மஞ்சளும் வசம்பும் புண்ணில் வேண்டாம். பவுடர் வேண்டவே வேண்டாம். டால்கம் பவுடரைத் தட்டும்போது எழும் தூசு குழந்தையின் நுரையீரலுக்குள் போகும், இடுக்கில் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி உரசும். போரிக் பவுடர் இன்னும் ஆபத்து. உடைந்த தோல் வழியாக உடம்புக்குள் இறங்கினால் கைக்குழந்தைக்கு அது விஷம். சமையல் சோடா கலந்த தண்ணீரும் அப்படியே தவிர்க்க வேண்டியது.

"மாலிஷ் பாய் வந்து கடலை மாவு தேய்ச்சுக் குளிப்பாட்டுறாங்க. நிறுத்தணுமா?"

மாலிஷ் பாய் என்றால் இங்கே குழந்தைக்கு உடம்பு பிடித்துவிட்டுக் குளிப்பாட்ட வரும் பெண். மாலிஷ் நடக்கட்டும். டயப்பர் கட்டும் இடத்தில் மட்டும் மாவும் சோப்பும் வேண்டாம் என்று புண் ஆறும் வரை சொல்லிவிடுங்கள்.

"பத்து நாளா கிரீம் பூசுறேன், குறையவே இல்லை."

பத்து நாள் காத்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் ஒழுங்காகக் கிரீம் பூசி, காற்றாட விட்டும் குறையவில்லை என்றால் பூஞ்சை சேர்ந்திருக்கலாம். முதல் பதிலில் தொடை இடுக்கு தப்பித்துவிடும் என்றேனே, அதை இப்போது பாருங்கள். இடுக்குக்குள்ளும் அடர்ந்த சிவப்பாக இருக்கிறதா? அந்தச் சிவப்பின் விளிம்பைத் தாண்டி, கடுகு சிதறின மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் தனித்தனியே இருக்கின்றனவா? இருந்தால் அது கேண்டிடா என்ற பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். வாய்க்குள்ளும் பாருங்கள். துடைத்தால் எளிதில் போகாத வெள்ளைப் படலம் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

இதற்குப் பூஞ்சைக்கான களிம்பு வேண்டும். பெரும்பாலும் குளோட்ரிமசோல் 1% எழுதித் தருவார்கள், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. பார்வைக்குச் சரியானதும் நிறுத்திவிடாமல், டாக்டர் சொன்ன நாள் வரை போடுங்கள். சீக்கிரம் நிறுத்தியவர்கள்தான் அடுத்த மாதம் திரும்பி வருகிறார்கள். முதலில் மெல்லியதாக அந்தக் களிம்பு, கொஞ்ச நேரம் கழித்து அதன் மேல் ஜிங்க் கிரீம்.

"மெடிக்கல் ஷாப்ல ஒரு ட்யூப் குடுத்தாங்க, ரெண்டே நாள்ல போயிடுச்சு. நிறுத்தினா திரும்ப வருது. அதையே போடலாமா?"

தயவுசெய்து போடாதீர்கள். முதலில் ட்யூபைத் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பெரும்பாலும் பூஞ்சை மருந்து ஒன்று, நியோமைசின் போல ஆன்டிபயாட்டிக் ஒன்று, ஸ்டீராய்டு ஒன்று என்று மூன்றையும் கலந்திருப்பார்கள். குளோட்ரிமசோல், குளோபெட்டசால் இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி கேட்கும். முன்னது பூஞ்சையைக் கொல்லும் மருந்து. பின்னது மிக வீரியமான ஸ்டீராய்டு. போனில் கணவருக்குப் பெயர் சொல்லி வாங்கி வரச் சொன்னால் இங்கேதான் தவறு நடக்கும். எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

ஸ்டீராய்டு சிவப்பை உடனே அடக்கும், அதனால் ஆறிவிட்டது போலத் தோன்றும். பூஞ்சை உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். அதோடு, டயப்பர் மூடியிருக்கும் இடத்தில் எந்தக் களிம்பும் இரண்டு மடங்கு வேலை செய்கிற மாதிரி உள்ளே இறங்கும். தோல் காகிதம் மாதிரி மெலிந்துவிடும், கோடு கோடாக வெடிக்கும். வாரக்கணக்கில் போட்டால் இரத்தத்தில் கலந்து, முகம் உப்பி, வளர்ச்சியையே பாதிக்கும். என் அக்கா பேத்திக்கு ஏழு மாதத்தில் இப்படித்தான் ஒரு கடையில் கேட்டு வாங்கி ஆறு வாரம் பூசியிருந்தார்கள். தொடையில் விழுந்த அந்தக் கோடுகள் அவளுக்கு இன்னும் இருக்கின்றன. எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீட்டுகிறேன்.

2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் கொண்டுவந்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் நடைமுறை. வீக்கம் அதிகமாக இருந்தால் டாக்டரே சில சமயம் 1% ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாட்களுக்கு மட்டும் மெல்லியதாகப் போடச் சொல்வார். அது மிக லேசானது, அதற்கும் நாள் கணக்கு உண்டு. அதை மேலே சொன்ன ட்யூபோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நீங்கள் ஏற்கனவே வாரக்கணக்கில் வீரியமானதைப் பூசியிருந்தால், பயந்து ஒளிக்காமல் ட்யூபோடு டாக்டரிடம் வாருங்கள்.

"பேதி ஆகுது, கூடவே புண்ணும் வந்திருக்கு. டாக்டர் ஜிங்க் குடுத்தார், அதைத்தான் பூசணுமா?"

இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். பேதிக்குத் தரும் ஜிங்க் மாத்திரையும் சிரப்பும் உள்ளுக்குக் கொடுப்பவை. 6 மாதத்துக்குக் கீழே தினம் 10 மில்லிகிராம், மேலே 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றாலும் முடிக்க வேண்டும். கூடவே ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலும் வேண்டும். மேலே பூசுவது ஜிங்க் ஆக்சைடு கிரீம், அது வேறு.

பேதி நாட்களில் ஒவ்வொரு முறையும் மலம் தோலில் பட்டதும் அரிக்கும். ஆகவே சிவக்கும் வரை காத்திராமல் முதல் பேதியிலேயே கிரீமைத் தடிமனாகப் பூச ஆரம்பியுங்கள். ஆன்டிபயாட்டிக் குடிக்கும் குழந்தைக்கும் இதே கவனம் வேண்டும். அந்த நாட்களில் பேதியும் வரும், பூஞ்சையும் எளிதில் வரும்.

"கொப்புளம் கொப்புளமா இருக்கு. அக்கின்னு சொல்லிக் காவி எழுதச் சொல்றாங்க."

எழுத வேண்டாம். டயப்பர் இடத்தில் கொப்புளமும் சீழும் தேன் நிறப் பொருக்கும் வந்தால் அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். காவி மண்ணைப் பூசினால் டாக்டர் பார்ப்பதற்கும் தோல் தெரியாது. அன்றைக்கே காட்டுங்கள். அதேபோல ஆசனவாயைச் சுற்றி மட்டும் வட்டமாகப் பளிச்சென்ற சிவப்பு, மலம் போகும்போது அழுகை, சில சமயம் இரத்தக் கோடு என்று இருந்தால் அதுவும் பாக்டீரியாதான். கிரீமால் போகாது, ஆன்டிபயாட்டிக் வேண்டும்.

"பிறந்து மூணு நாள்தான், டயப்பர்ல செங்கல் கலர்ல கறை. இரத்தமா?"

முதல் சில நாட்களில் பால் குறைவாக இறங்கும்போது மூத்திரத்தில் யூரிக் அமில உப்பு படிந்து இப்படித் தெரியும். அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள். நாலைந்து நாளுக்குப் பிறகும் தொடர்ந்தாலோ குழந்தை மூத்திரமே குறைவாகப் போனாலோ டாக்டரிடம் போங்கள்.

"நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஒன்றரை நாள் போகணும். என்ன பண்றது?"

ரயிலில் துணி வேண்டாம், டயப்பரே சரி. பயண நேரத்தை 3-ஆல் வகுத்து, அதோடு ஆறேழு கூட வைத்துக்கொள்ளுங்கள். கிரீமை வீட்டிலேயே பூசிக் கிளம்புங்கள். ரயில் குழாய்த் தண்ணீரை நம்பாமல், காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு பாட்டிலில் தனியாக இருக்கட்டும். மதியம் கீழ் பெர்த்தில் ரப்பர் ஷீட் விரித்துக் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். எதிர் சீட்டில் இருப்பவர்கள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

"எப்போ உடனே டாக்டரிடம் ஓடணும்?"

காய்ச்சல், சீழ், கொப்புளம், இரத்தக் கசிவு, புண் வயிற்றுக்கோ முதுகுக்கோ பரவுவது, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது: இவற்றில் எது இருந்தாலும் அன்றே போங்கள். ஒரு மாதத்துக்குள் உள்ள குழந்தை என்றால் காத்திருக்கவே வேண்டாம். காசுக்கு யோசிப்பவர்களுக்கு சயானில் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது, பரேலில் குழந்தைகளுக்கென்றே வாடியா மருத்துவமனை இருக்கிறது.

"எல்லாம் பண்ணிட்டோம் சிஸ்டர், மூணு வாரம் ஆச்சு. பூஞ்சை மருந்தும் போட்டாச்சு. போகலை."

அப்படியானால் டயப்பர் இடத்தை விட்டுவிட்டு முழுக் குழந்தையையும் பார்க்க வேண்டும். தலையில் எண்ணெய்ப் பசையான செதில், காதுக்குப் பின்னால் செதில் இருந்தால் செபோரிக் தோல் அழற்சியாக இருக்கலாம். உள்ளங்கை, உள்ளங்காலில் சிறு கொப்புளம், ராத்திரியில் சொறிதல், வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்பு என்றால் சிரங்கு. ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் வீடுகளில் இதை நிறையப் பார்க்கிறோம், வீடு முழுக்க ஒரே நாளில் மருந்து போட வேண்டும். சோரியாசிஸும் இந்த இடத்தில் வருவதுண்டு.

அரிதாக, வாயைச் சுற்றியும் கை கால் நுனியிலும் இதே மாதிரிப் புண், விடாத பேதி, முடி உதிர்தல் எல்லாம் சேர்ந்து வரும். அது உடம்பில் ஜிங்க் சத்து சேராத ஒரு பிறவிக் கோளாறாக இருக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தியதும் வெளிப்படுவது வழக்கம். உள்ளுக்கு ஜிங்க் கொடுத்தால் சில நாட்களிலேயே தோல் தெளியும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க யாராவது வாயையும் கையையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். அதனால் டாக்டரிடம் டயப்பர் இடத்தை மட்டும் திறந்து காட்டாதீர்கள், சட்டையையும் கழற்றுங்கள்.

"புண் ஆறிடுச்சு, அந்த இடம் கறுத்துக் கிடக்கு. அப்படியே நின்னுடுமா?"

நிற்காது. நம் தோல் நிறத்தில் எந்தப் புண் ஆறினாலும் கொஞ்ச காலம் கறுத்தோ வெளுத்தோ இருக்கும். சில வாரத்தில் தெளிய ஆரம்பித்து, சில மாதத்தில் முழுதும் சரியாகும். எலுமிச்சையோ கடலை மாவோ தேய்த்து வெளுக்க வைக்கப் பார்க்காதீர்கள், ஆறின தோல் மறுபடி புண்ணாகும். படுக்கும் முன் பூசும் ஜெல்லியை மட்டும் தொடருங்கள்.